பஸ் ஏறிய இரத்தம்

ஜூன் 3, செவ்வாய்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். இனி எழுதி வைக்கப்போகிறேன். யாரிடம் பேசினாலும் "மறுபடி ஆரம்பிச்சுட்டீங்களா?" என்கிறார்கள். காகிதம் அப்படிக் கேட்காது.

முதலில் கிருபாகரன். இன்று காலைக் கூட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தின் இரத்தப் பரிசோதனைக்கு ஒரு கம்பெனி கிடைத்துவிட்டதாக அறிவித்தான். ஒரு குழாய் இரத்தத்தில் எலும்புப் புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடும் கிட். அடுத்த மாதம் ஒப்பந்தம். அதற்குப் பிறகு மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போகுமாம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டி ஓய்ந்ததும் இயக்குநர் நாற்காலியிலிருந்து அவன் என்னைப் பார்த்து, "டாக்டர் தண்டபாணி, அந்தப் பழைய டீப் ஃப்ரீசர்ல இருக்கறதை எல்லாம் புதுசுக்கு மாத்திடுங்க. இந்த மாசத்துக்குள்ள முடிச்சுட்டா நல்லது" என்றான்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிக் கோயம்புத்தூரில் முதலில் வாய் திறந்தவன் நான். மரபணுவிடமிருந்து கட்டளை வாங்கிக்கொண்டு செல்லுக்குள் ஒரு தூது போகும். அதை வழியிலேயே மறித்து, "இது வேண்டாம், திரும்பிப் போ" என்கிற குட்டித் துண்டுதான் மைக்ரோ ஆர்.என்.ஏ. பிள்ளைகள் மளமளவென்று உயரும் வயதில் முழங்காலை ஒட்டிய எலும்பில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். அந்த இடத்தில் மறிக்கிறவன் குறைந்துபோனால் பிரிவது நிற்காது. புற்றுநோய் நுழைகிற வழிகளில் அதுவும் ஒன்று. இதை 2009-ல் ஒரு கருத்தரங்கில் சொன்னேன். கிருபாகரன் முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தான். இரண்டு வருடத்தில் கட்டுரை வந்தது. முதல் பெயர் அவனுடையது. என் பெயர் கடைசியில் நன்றி சொல்கிற பத்தியில், அதுவும் எழுத்துப் பிழையோடு.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தானே என்று சிலர் நினைவுபடுத்துவார்கள். எனக்கும் நினைவிருக்கிறது. அதுதான் தொல்லை.

ஜூன் 5, வியாழன்

சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. ஃப்ரீசர் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

கேன்டீனில் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தான் கிருபாகரன். நாலு பேர் இல்லாத இடத்தில் அவன் என்னை இன்னும் கல்லூரி ஹாஸ்டல் பெயரில்தான் கூப்பிடுவான்.

"டேய் தண்டம், உன் தங்கச்சி வந்திருந்தாங்கடா, போன மாசம்."

"எங்கே?"

"இங்கதான். பொண்ணுக்கு முழங்கால் வலின்னு. உன் பேரைச் சொல்லித்தான் உள்ளயே வந்தாங்க. உன்கிட்ட சொல்லலையா?"

கலாமணி என்னிடம் பேசி நாலு வருடம் ஆகிறது. சரியாகச் சொன்னால் நான் அவளிடம் பேசி. அவள் மகள் சுபிக்ஷா பெரியவளான சீருக்கு, என்னை விட்டுப் பிரிந்து போன மனைவி நிர்மலாவையும் அழைத்திருந்தாள். அழைத்ததோடு விடாமல் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஆரத்தியும் எடுக்க வைத்தாள். தாய்மாமன் நான் தட்டோடு நிற்கிறேன், எதிரில் நிர்மலா நிற்கிறாள். ஊரே எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறது. தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"என்ன ஆச்சு பொண்ணுக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்லடா. கபடி ஆடுற பொண்ணு, அடி பட்டிருக்கும். எக்ஸ்ரேல ஏதோ லேசா நிழல் மாதிரி. நான்தான் நம்ம டெஸ்டையும் பண்ணிடுங்கன்னு சொன்னேன். கிளீன். மூணு மாசம் கழிச்சுப் பாத்துக்கலாம்னு எலும்பு டாக்டர் அனுப்பிட்டார். நானே கார்ல பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன்."

நல்ல செய்திதான். என் பெயரைச் சொல்லி உள்ளே நுழைந்தவளுக்கு எனக்கு ஒரு போன் போடக் கை வரவில்லை. தயிர்சாதம் புளித்திருந்தது.

ஜூன் 11, புதன்

ஃப்ரீசர் சாவி கிருபாகரன் மேஜை டிராயரில் இருந்தது. இன்று முழுக்க மாற்றினேன். கையுறைக்கு மேல் கையுறை போட்டும் விரல் மரத்துப் போகிறது. ஐம்பத்திரண்டு வயதில், முனைவர் பட்டத்தோடு, சாமான் மாற்றுகிற வேலை.

மதுரையிலிருந்து வந்த நோயாளிகளின் சீரம் ஒரு அடுக்கில். ஒப்பிடுவதற்காக எடுத்த ஆரோக்கியமானவர்களின் சீரம் இன்னொரு அடுக்கில். சீரம் என்றால் சிவப்பணுவெல்லாம் கீழே தங்கிய பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர். வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். ஆரோக்கியமானவர்களின் சீரம் அப்படித்தான் இருந்தது. மதுரை அடுக்கை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். எல்லாம் இளஞ்சிவப்பு. சிலது ரோஸ் மில்க் மாதிரி.

ஒன்று இரண்டு என்றால் சரி. அடுக்கு முழுவதுமா?

ஜூன் 12, வியாழன்

நஸ்ரினைக் கேட்டேன். கிருபாகரனின் ஆராய்ச்சி மாணவி. இந்தப் பரிசோதனைதான் அவள் முனைவர் பட்ட ஆய்வு. உக்கடத்துப் பெண், சத்தமில்லாமல் வேலை பார்ப்பாள்.

"மதுரை சாம்பிள் ஏன்மா இப்படிச் சிவந்திருக்கு?"

"எப்பவுமே அப்படித்தாங்க சார் வரும். கேன்சர் பேஷண்ட் பிளட்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க சார். முதல் சாம்பிளே அப்படி வந்துச்சு. கடைசி வரைக்கும் அப்படியே வந்துச்சு."

அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. நோயாளி என்றால் இப்படி, நலமானவன் என்றால் அப்படி என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. நானும் இதே கட்டிடத்தில்தான் இருக்கிறேன். அந்த அடுக்குப் பக்கம் போகிற அளவுக்கு யாரும் என்னை மதித்ததில்லை.

வழியை விசாரித்தேன். நோயாளிகளின் இரத்தம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் எடுக்கிறார்கள். அங்கே சுற்றிப் பிரிக்கும் இயந்திரத்துக்கு ஆள் இல்லை. அதனால் குழாயோடு அப்படியே தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, டேப் ஒட்டி, ஆம்னி பஸ்ஸில் டிரைவரிடம் கொடுத்துவிடுவார்கள். காந்திபுரத்தில் நம் ஆள் போய் வாங்கி வருவான். ஆரோக்கியமானவர்களின் இரத்தம்? இங்கேயே படிக்கும் பிள்ளைகள் கையை நீட்டினார்கள். எடுத்த குழாய் பத்தடி நடந்து இயந்திரத்துக்குள் போய்விட்டது.

வார்டு சிஸ்டர் லூர்துமேரிக்குப் போன் செய்தேன்.

"என்ன சார், பார்சல் ஒழுங்கா வருதுல்ல? ஐஸ்லயே நல்லாப் பொதைச்சு வச்சுத்தான் அனுப்புறேன். ஒரு டியூப்புகூட வெளிய தெரியாது. பச்சப்புள்ளைகள்ட்ட எடுத்த ரத்தம் சார், கெட்டுப்போயிரக் கூடாதுல்ல."

ஐஸில் நேராகப் பட்டால் சிவப்பணு உறைந்து உடையும். பஸ் குலுக்கலில் இன்னும் உடையும். உடைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சீரத்தில் கலக்கும். எப்படி அனுப்ப வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு இங்கிருந்து ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர் தனக்குத் தெரிந்த அக்கறையோடு செய்திருக்கிறார்.

இனி நான் பயந்த இடம். எங்கள் பரிசோதனை அளப்பது 'முப்பத்து நாலு' என்று நாங்கள் சொல்லும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை. அதைத் தனியாக அளக்க முடியாது, ஏதாவது ஒன்றோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதற்கு எல்லாருடைய இரத்தத்திலும் ஒரே அளவில் இருக்கும் என்று கிருபாகரன் எடுத்துக்கொண்டது 'பதினாறு'. பதினாறு சிவப்பணுவுக்குள் மூட்டை மூட்டையாக இருக்கும் சரக்கு. சிவப்பணு உடைந்தால் பதினாறு எகிறும். பதினாறு எகிறினால் முப்பத்து நாலு தன் பாட்டுக்கு அப்படியே இருந்தாலும் குறைந்ததுபோலத் தெரியும். துணியை அளக்கும் கோல் நீண்டுவிட்டது, நாங்கள் துணி சுருங்கிவிட்டது என்று கட்டுரை எழுதியிருக்கிறோம். பதினாறை நம்பாதீர்கள் என்று வெளிநாட்டில் பலர் எழுதி எவ்வளவோ நாளாகிறது.

அப்படியானால் இந்தப் பரிசோதனை கண்டுபிடிப்பது புற்றுநோயை அல்ல. பஸ்ஸில் வந்ததா இல்லையா என்பதை.

வீட்டுக்கு வந்து சட்டை துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. சுபிக்ஷாவின் இரத்தம் பஸ் ஏறவில்லை. எங்கள் மாடியில் எடுத்து மாடியிலேயே சுற்றியது. அது 'கிளீன்' என்றுதான் வரும். என்ன நோய் இருந்தாலும் வரும்.

ஜூன் 13, வெள்ளி

என்னுடைய சந்தேகத்தை நானே நம்பக்கூடாது. கிருபாகரன் விஷயத்தில் குறிப்பாக.

நஸ்ரின் என் கையிலிருந்து இரண்டு குழாய் இரத்தம் எடுத்தாள். ஒன்றை அங்கேயே சுற்றினோம். இன்னொன்றைப் பெட்டியில் வைத்துக் காந்திபுரத்தில் மதுரை பஸ்ஸில் ஏற்றினேன். டிரைவர் கேட்டார், "உள்ள என்னங்க, மீனா?"

"ரத்தம்."

"யாருக்குங்க?"

"எனக்குத்தான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளினார்.

மதுரையில் லூர்துமேரி பெட்டியைத் திறந்து, தன் வழக்கப்படி புது ஐஸில் புதைத்து, அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். "வந்த ரத்தத்தைத் திருப்பி அனுப்பவா? அங்கிட்டும் இங்கிட்டுமா ரத்தத்துக்கு டூர் காமிக்கிறீங்களா சார்?" என்று சிரித்தார். போகவும் வரவும் என்பதால் ஒரு பயணம் கூடுதல். அதை மறக்காமல் குறித்துக்கொள்கிறேன். கிருபாகரன் அதைத்தான் முதலில் பிடிப்பான்.

ஜூன் 17, செவ்வாய்

இங்கேயே இருந்த குழாயின்படி நான் ஆரோக்கியமானவன். மதுரை போய் வந்த குழாயின்படி எனக்கு எலும்புப் புற்றுநோய், அதுவும் முற்றிய நிலையில்.

நஸ்ரின் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "சார், அப்ப என் தீஸிஸ்?"

"உன் தீஸிஸைப் பத்தி எனக்கென்னமா தெரியும்" என்றேன். பிறகு டீ வாங்கிவரப் போனேன். இரண்டு வாங்கினேன்.

ஜூன் 18, புதன்

கிருபாகரன் அறைக்குப் போனேன். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். முகம் மாறியது உண்மை. அவன் முட்டாள் இல்லை. பிறகு படத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"ஒரே ஆளோட ரத்தம். அதுவும் உன்னோடது. போகவும் வரவும்."

"இன்னும் பத்துப் பேரோடது எடுக்கலாம். ஒரு வழி மட்டும் அனுப்பலாம். அதுவரைக்கும் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடு."

"தள்ளிப்போட்டா அவங்க வேற ஆளைப் பாப்பாங்க. டேய், உனக்கு இன்னும் அந்தப் பழைய பேப்பர் கோபம் போகல. நான் ஒத்துக்கறேன், உன் பேரை அன்னிக்குப் போட்டிருக்கணும். அதுக்காக இத்தனை பேரோட உழைப்பை மண்ணாக்கப் பாக்கறியா?"

"என் தங்கச்சி பொண்ணு உன் டெஸ்டை நம்பித்தான் ஸ்கேன் எடுக்காம இருக்கா."

"எடுக்கச் சொல்லு. யாரு வேண்டாம்னா? ஆனா டெஸ்ட் தப்புன்னு வெளிய போய் சொல்லாத. சொன்னாலும் ஒண்ணும் ஆகாது. தண்டபாணி சொன்னான்னா இந்த ஊர்ல யாரு டேட்டாவைப் பாப்பாங்க? உன் மூஞ்சியத்தான் பாப்பாங்க."

பதினைந்து வருடமாக எதிர்பார்த்துக் கிடந்த வாக்கியம், 'உன் பேரைப் போட்டிருக்கணும்'. சொல்லிவிட்டான். வெளியே வந்து படியில் இறங்கும்போது அது பற்றி ஒன்றுமே தோன்றவில்லை.

கலாமணிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. அவள் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் சுபிக்ஷா கோப்பையோடு நிற்கிற படம். நேற்றும் அதேதான் இருந்தது. அதற்கு முந்தைய நாளும்.

ஜூன் 21, சனி

பொள்ளாச்சி போனேன்.

"வாங்ணா" என்றாள் கலாமணி. மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவனுக்குக் கதவு திறக்கும் குரல். மாப்பிள்ளை சிவசாமி மட்டும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

சுபிக்ஷா வந்தாள். நாலு வருடத்தில் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள். இடது காலை லேசாக விட்டு விட்டு வைக்கிறாள்.

"எங்கம்மா வலிக்குது?"

"முட்டிக்கு மேலீங் மாமா. ஆடும்போதுகூடத் தெரியறதில்லீங். படுத்தாத்தான் குடையுது."

தொட்டுப் பார்த்தேன். மற்றக் காலைவிட அந்த இடம் சூடாக இருந்தது. நான் டாக்டர்தான், ஆனால் இந்த டாக்டர் இல்லை. கையை எடுத்துக்கொண்டேன்.

"கலா, அங்கே எடுத்த டெஸ்ட் தப்பு. உடனே ஸ்கேன் எடுக்கணும்."

"யாருங் சொன்னது?"

"நான் சொல்றேன்."

"அதத்தான் கேக்கறேன். உங்களைத் தவுத்து யாருங் சொன்னது?"

சிவப்பணு, ஐஸ், பதினாறு எல்லாம் சொன்னேன். நன்றாகவே விளக்கினேன் என்று நினைக்கிறேன். அவள் முடியும் வரை காத்திருந்தாள்.

"கிருபாகரண்ணன் எத்தன மருவாதியாப் பாத்தாருங் தெரியுமா? காபி வாங்கிக் குடுத்து, அவுரு வண்டீலயே கொண்டாந்து விட்டாரு. அவுரு செஞ்சது எதுவுமே உங்களுக்கு ஆகாது. அன்னைக்கு வரும்போதே இவுருகிட்டச் சொன்னேன், அண்ணனுக்குத் தெரிஞ்சா இதுலயும் ஒரு குத்தம் கண்டுபுடிப்பாருன்னு. சொன்னனா இல்லீங்ளா?"

சிவசாமி சுவரைப் பார்த்தார்.

"அடுத்த வாரம் மாவட்ட செலக்‌ஷன் இருக்குது. இந்த நேரத்துல புள்ளையப் போயிப் பயங்காட்டிக்கிட்டு. யாராவது நல்லா இருந்தாவே உங்களுக்குத் தாங்காதுங்ணா."

எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பைத் தேடும்போது சுபிக்ஷா பின்னால் வந்தாள்.

"மாமா, என்ற சீருக்கும் இப்படித்தான் பாதீல எந்திரிச்சுப் போனீங்க. மாலை கைல வெச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியுங்ளா?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். பஸ் அரை மணி கழித்துத்தான் வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

நஸ்ரின் தன் தோழிகளிடம் இரத்தம் எடுக்க ஆரம்பித்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. ஊசி போட்ட இடத்தில் அமுக்கப் பஞ்சு மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 26, வியாழன்

இரண்டு நாளாகக் கலாமணிக்குப் போன் செய்து பார்க்கிறேன். இன்று எடுத்தாள். "உங்க பேச்சக் கேட்டு இவுரும் ஊமையாட்டத் திரியறாரு, சந்தோசமுங்ளா?" என்று கேட்டு வைத்துவிட்டாள். தலைவலி. மிக்ஸி ரிப்பேர்.

ஜூன் 28, சனி

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"மாமா, நாந்தான் சுபி. அப்பா போனுல பேசறேன். அந்த ஸ்கேனுக்கு எங்கீங் போகோணும்?"

"அம்மா ஒத்துக்கிட்டாங்களா?"

"அம்மாட்ட செலக்‌ஷனுக்குப் போறம்னு சொல்லியிருக்கறமுங். அப்பா வண்டி எடுத்துட்டாரு. இப்ப கெணத்துக்கடவு தாண்டிட்டம்."

"செலக்‌ஷன் என்னாச்சு?"

"இன்னைக்குத்தானுங். நேத்து வலி தாங்கலீங் மாமா. அதான், நீங்க சொன்னது நெசமா இருந்தா என்ன பண்றதுன்னு."

எந்த ஆஸ்பத்திரி என்று சொன்னேன். எங்களுடையது அல்ல. நானும் போனேன். வெளியே பெஞ்சில் சிவசாமி என் பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சா, ஒண்ணும் இருக்காதில்லீங்?" என்று மறுபடி மறுபடி கேட்டார். என் கணக்கு சரியாக இருக்கக்கூடாது என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தேன். இல்லை, கணக்கு சரியாகவே இருக்கலாம், அவளுக்கு மட்டும் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். இரண்டும் ஒன்றாக நடக்க முடியும். அறிவியலில் அதற்கு இடம் உண்டு.

ஜூன் 30, திங்கள்

ஸ்கேனைப் பார்த்த டாக்டர் உடனே பயாப்ஸி என்றார். சிவசாமி வீட்டுக்குப் போன் செய்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் கலாமணியின் குரல் எனக்கே கேட்டது.

ஜூலை 8, செவ்வாய்

ஆஸ்டியோசர்கோமா. எலும்பிலேயே பிறக்கிற புற்றுநோய்.

நுரையீரலில் இன்னும் எதுவும் இல்லை. முதலில் கீமோ, பிறகு அந்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு உலோகம் வைப்பார்கள். காலை எடுக்க வேண்டியிராது என்று டாக்டர் நினைக்கிறார். "நல்ல வேளை இப்ப வந்தீங்க. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார்.

சுபிக்ஷா கேட்டது ஒன்றுதான். "கபடி ஆடலாமுங்ளா?" டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சிவசாமியைப் பார்த்தேன். "ஆட முடியாதும்மா" என்று கடைசியில் நான்தான் சொன்னேன். சரீங் மாமா என்றாள். வேறு யாராவது சொல்வார்கள் என்று இத்தனை பேரும் நின்றோம்.

கலாமணி வராந்தாவில் தூணோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"நீங்க வந்து சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கோணும்."

"ஒரு வாரத்துல பெருசா ஒண்ணும் ஆகிடாது கலா."

"வேற யாரு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனுங்ணா. ரோட்டுல போற ஒருத்தரு சொல்லியிருந்தாக்கூட அடுத்த பஸ்ஸு புடிச்சிருப்பேன். நீங்க சொன்னதாலதான் வரல."

கோபமாகச் சொல்லவில்லை. இட்லி வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். வாங்கி வந்தேன். சாப்பிட்டாள்.

ஜூலை 10, வியாழன்

கிருபாகரனிடம் போனேன். நஸ்ரினின் முடிவுகளும் கையில் இருந்தன. கைகால் நன்றாக இருக்கும் கல்லூரிப் பெண்கள். ஒரு பாதி இங்கேயே எடுத்துச் சுற்றியது. மறு பாதி, மதுரையில் படிக்கும் தோழிகளை அந்த வார்டிலேயே கை நீட்டச் சொல்லி, இங்கே வரும் வழி மட்டும் பஸ்ஸில் வந்த இரத்தம். பஸ்ஸில் வந்ததெல்லாம் புற்றுநோய், வராததெல்லாம் நலம். ஒன்றுகூடத் தப்பவில்லை.

சுபிக்ஷா விஷயத்தை முதலில் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தான். அவளைக் காரில் கொண்டுபோய் விட்டவன். "அய்யோ" என்றான். நிஜமாகத்தான் சொன்னான். செலவுக்கு ஏதாவது வேண்டுமென்றால் கேள் என்றான், அதுவும் நிஜம்தான். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எந்த டெஸ்ட்தான்டா நூத்துக்கு நூறு? ஒண்ணு ரெண்டு தப்பும்."

"இது எல்லாத்துலயும் தப்பும். மாவட்ட ஆஸ்பத்திரில அங்கேயே எடுத்து அங்கேயே சுத்துவாங்க. எந்தப் பிள்ளைக்கு இருந்தாலும் கிளீன்னு வரும். மூணு மாசம் கழிச்சு வான்னு அனுப்புவாங்க."

"கம்பெனிக்காரங்க அவங்க லேப்ல சரி பண்ணிப்பாங்க."

"பண்ணலேன்னா?"

"இருபத்தொண்ணாம் தேதி கையெழுத்து. அதுக்கப்புறம் பேசலாம்."

நஸ்ரின் வெளியே காத்திருந்தாள். "நீங்க எங்க வேணும்னாலும் போடுங்க சார், இந்த டேட்டா உங்களுது" என்றாள். அவளுக்கு மூன்று வருட உழைப்பு போகும். முதல் சாம்பிளிலிருந்து ஒழுங்காக மறுபடி ஆரம்பித்தால் ஒன்றரை வருடத்தில் முடிக்கலாம், எப்படி என்று நான் திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. மதுரைக்கு ஒரு சின்னச் சுற்று இயந்திரம் வேண்டும், லூர்துமேரிக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டும். இரண்டும் பெரிய காரியமில்லை.

ஜூலை 11, வெள்ளி

சுபிக்ஷாவுக்கு முதல் கீமோ. நாலு தடவை வாந்தி. "மாமா, கதை ஏதாச்சும் சொல்லுங்" என்றாள். எனக்குக் கதை தெரியாது. என் இரத்தம் மதுரைக்கு டூர் போனதைச் சொன்னேன். டிரைவர் மீனா என்று கேட்டது வந்ததும் சிரித்தாள். கலாமணியும் சிரித்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஜூலை 13, ஞாயிறு

வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் கீழே உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி எழுப்புகிற ஒரு இணையதளம் இருக்கிறது. அங்கே ஒரு கேள்வி விழுந்தால் பத்திரிகை ஆசிரியர்களுக்கும் போகும். காசு போடப்போகிற கம்பெனிகள் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. காலையிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பிரதி ஏழு பத்தி வந்தது. கருத்தரங்கில் தொடங்கினேன். யார் முதலில் சொன்னது, யார் குறிப்பெடுத்தது, நன்றிப் பத்தியில் எழுத்துப் பிழை, கூட்டத்தில் ஃப்ரீசர். பதினைந்து வருடத்தையும் வரிசை தப்பாமல் எழுதியிருந்தேன். நல்ல நடை. அடியில் என் பெயர், பட்டங்களோடு.

மத்தியானம் ரசம் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி படித்தேன். படிப்பவனுக்கு நாலாவது பத்தியில்தான் சிவப்பணு வருகிறது. அதற்குள் அவன் முடிவு கட்டியிருப்பான், யாரோ ஒரு ஆளுக்கு யாரோ ஒரு ஆள் மேல் காய்ச்சல் என்று. நானாக இருந்தாலும் அப்படித்தான் முடிவு கட்டுவேன்.

முதல் மூன்று பத்திகளை எடுத்தேன். கடைசிப் பத்தியையும் எடுத்தேன். இப்போது இருப்பது இவ்வளவுதான்: நோயாளிகளின் மாதிரி எப்படி வந்தது, மற்றவர்களின் மாதிரி எப்படி வந்தது, ஆரோக்கியமானவர்களின் இரத்தத்தை நோயாளிகளின் வழியில் அனுப்பினால் என்ன வருகிறது, ஒரு படம். பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியான ஒருவருக்கு இந்தப் பரிசோதனை 'நலம்' என்று காட்டிய செய்தி ஒரு வரி, ஆளை அடையாளம் காட்டாமல். கலாமணியிடம் கேட்டுவிட்டுத்தான் அந்த வரியைச் சேர்த்தேன். "போடுங்ணா. இன்னொரு புள்ளைக்காச்சும் ஆகட்டும்" என்றாள்.

மிச்சம் இருப்பது பெயர்க் கட்டம். அந்த இடத்தில் என் பெயர் அரை மணி நேரமாக நிற்கிறது. இந்தத் துறையில் நான் செய்ததிலேயே பிழையில்லாத வேலை இது. ஒரு முறையாவது சரியான எழுத்துகளில் என் பெயர் அச்சாகியிருக்கலாம்.

ஆனால் என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் என் சொந்தத் தங்கை தன் மகளை அழைத்துவராமல் இருந்தாள். என்னைத் தெரியாத ஒரு கம்பெனிக்காரன் நாளைக்குக் கிருபாகரனுக்குப் போன் போட்டு இது யார் என்று கேட்பான். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு வரி சொல்வான். அந்த இரண்டு வரியும் உண்மையாகவே இருக்கும். இருபத்தொன்றாம் தேதி கையெழுத்தாகிவிடும். பிறகு ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு பெண் முழங்காலைத் தடவிக்கொண்டு மூன்று மாதம் காத்திருப்பாள்.

கிருபாகரனுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். தெரியட்டும். மற்றவர்களுக்குத் தெரியாவிட்டால் வேறு வழியில்லாமல் படத்தைப் பார்ப்பார்கள்.

கட்டத்தைக் காலி செய்துவிட்டேன். பெயரில்லாமல் போடுகிறேன்.